கலங்கல் – அத்தியாயம் 14: போகுதா, போகலையா?

போன வாரம் பாஞ்சாலியைத் துவைகல் பக்கத்தில் சுருண்டு கிடக்க விட்டுவிட்டு வந்தோம். மருமகள் ஜெயப்பிரியாதான் ஓடிவந்து தூக்கினாள். தூக்கும்போதே தெரிந்தது, அடிவயிறு கல் மாதிரி உப்பியிருந்தது. சேலையோ நனைந்து கிடந்தது.

அங்கேதான் புருஷன் சடையப்பனுக்குக் கணக்கு உதைத்தது. சேலை நனைந்திருக்கிறதென்றால் தண்ணீர் வெளியே போகிறது. போகிற தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது வயிறு எதற்கு உப்ப வேண்டும்?

“கேஸு,” என்று தீர்ப்புச் சொன்னார். “நேத்து மொச்சக்கொட்ட கொழம்பு ரெண்டு கரண்டி கூட ஊத்திக்கினா.”

“கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. அத்தை பல்ல கடிச்சிக்கினு கீறாங்க, பாருங்க. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். செங்கல்பட்டு போறோம்.”

“பெரியாஸ்பத்திரியா? அங்க போனா நம்மள பாக்கறதுக்குள்ள...”

“அப்ப நீங்க வூட்டுல இருங்க.”

மருமகள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நம்பிப் புறப்படவில்லை. கூட ஒரு ஆள் இருந்து கவனிக்காவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள் என்று புறப்பட்டார். சடையப்பன் அப்படித்தான். உரக்கடைக்காரன் மூட்டையைத் தைத்துக் கொடுத்தால், பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்கிற மனுஷன்.

மகன் மோகன்குமார் ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் ஆட்டோ பக்கத்தில் நின்றான்.

“நானும் வரேன் நைனா.”

“நீ வர வேணாம். நேரா காஞ்சிபுரம் போ. அந்த நர்சிங் ஹோம்ல போய் நில்லு. ஆபரேஷன் பண்ணோம், இனிமே ஒழுவாதுன்னு சொன்னீங்களே, எங்கம்மாவுக்கு மறுபடியும் ஒழுவுதே, இன்னா பண்ணீங்கன்னு கேளு. தனியா போவாத. நாலு பசங்கள கூட்டிக்கினு போ.”

“பெரிய டாக்டர் நம்மள உள்ளயே வுட மாட்டாரே.”

“அவரு வரலன்னா அந்த நர்ஸு பொண்ணு இருக்கும். செக்கப்புக்குப் போனப்போ பல்ல இளிச்சிக்கினு ‘சூப்பர்மா’ன்னு சொல்லி அனுப்பிச்சே, அதான். அத்த மொதல்ல புடி. பொய் சொன்னது அதுதான்.”

மோகன்குமார் தலையாட்டினான். அம்மாவை ஒருமுறை குனிந்து பார்த்தான். பாஞ்சாலி கண்ணைத் திறக்கவில்லை. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஆட்டோ கிளம்பியது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாஞ்சாலியின் விரல்கள் ஜெயப்பிரியாவின் கையில் பதிந்தன. சடையப்பன் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்துகொண்டு, பின்னால் திரும்பாமல் வந்தார். திரும்பினால் அவள் முகம் கண்ணில் படும்.

பாஞ்சாலிக்கு அந்தத் தொந்தரவு வருஷக்கணக்காக உண்டு. வீட்டில் அதற்குப் பெயர் ‘அந்தத் தொந்தரவு’தான். இருமினால் போய்விடும். தும்மினால் போய்விடும். குடத்தை இடுப்பில் ஏற்றினால் போய்விடும். பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். போன வருஷம் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் நடந்தது. கடைசி நாள் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. அம்மன் பேரையே தன் பேராக வைத்திருக்கிற பாஞ்சாலிக்கு எப்போதும் முன்வரிசை. புழுதியில் ஒரு தும்மல் வந்தது. கூந்தல் முடியும் கட்டம் பார்க்க எல்லாரும் எழுந்தபோது, அவள் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாயிருந்தது.

“இன்னாடி பாஞ்சாலி, துரியோதனன் செத்ததுக்கு நீ இப்படியா அழுவ?” என்று பின்னாலிருந்து செங்கேணி கேட்டாள்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பாஞ்சாலி கோவில் பக்கம் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. பொங்கல் கழிந்ததும் தானே வாய் திறந்து, “எனக்கு ஆபரேஷன் பண்ணி வுடுங்க,” என்றாள். காஞ்சிபுரத்தில் பண்ணினார்கள். சிறுநீர்க் குழாய்க்கு அடியில் முட்டுக்கொடுத்த மாதிரி ஒரு நாடாவை வைத்துவிட்டால் இருமும்போது ஒழுகாது என்றார்கள். சடையப்பன் அதையும் நம்பவில்லை. உடம்புக்குள் நாடா கட்டுவதற்கு இது என்ன பாவாடையா என்று கேட்டார்.

இப்போது ஆடி. நாடா உள்ளே இருக்கிறது. சேலை மறுபடி நனைகிறது. தான் சொன்னதுதான் சரி என்று அவர் படாளம் வரைக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். சரியாகப் போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

* * *

பெரியாஸ்பத்திரியில் அவர் பயந்தபடி நடக்கவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்த நர்ஸ் உடனே திரையை இழுத்துவிட்டாள். ஒரு ட்யூப், ஒரு பை, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். சடையப்பனை வெளியே தள்ளிவிட்டார்கள். திரைக்கு அடியில் அவருக்குத் தெரிந்தது கட்டில் காலும் பையும்தான்.

பையில் தண்ணீர் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. மஞ்சளாக, கலங்கலாக. பை முட்டிய பிறகு ஒரு நர்ஸ் அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடி மாட்டினாள். மறுபடியும் ஏறியது.

“யம்மா, இது ஏத்துறதா, எறக்குறதா?” என்று கேட்டார்.

“எறக்குறது தாத்தா.”

“இவ்ளோவும் அவ வயித்துலயா இருந்துது?”

“பின்ன, என் வயித்துலயா?”

திரை விலகியது. பாஞ்சாலியின் முகம் இளகியிருந்தது. எத்தனையோ மாதமாக அந்த முகத்தில் இருந்த ஒரு சுருக்கம் இல்லாமல் போயிருந்தது. அந்தச் சுருக்கம் அங்கே இருந்தது என்பதே அது போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

“எப்படி கீதுமே?”

“ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து,” என்று பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், “இன்னிக்குத்தான்யா நான் ஒண்ணுக்கு போயிக்கிறேன்.”

ஜெயப்பிரியா அத்தையைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள் என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை.

* * *

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் சுகிர்தா வந்தாள். நடுத்தர வயசு, மூக்குக்கண்ணாடி, அவசரம் இல்லாத நடை. கட்டிலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர்கள் உட்கார்ந்து பேசி சடையப்பன் பார்த்ததில்லை. எதற்காக உட்காருகிறாள் என்று சந்தேகப்பட்டார்.

“அம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணுக்கு எப்படி வரும்?”

“அப்பல்லாம் சர்ருனு வரும். அடக்கத்தான் முடியாது.”

“ஆபரேஷனுக்கு அப்புறம்?”

பாஞ்சாலி புருஷனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்,” என்றாள் ஜெயப்பிரியா.

“இருக்கட்டும்டி. அவருக்கும் தெரியட்டும்.” பாஞ்சாலி போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துக்கொண்டாள். “உக்காந்தா வராது டாக்டரம்மா. நாத்து நடற மாதிரி நல்லா குனியணும். குனிஞ்சு முன்னால பின்னால ஆடணும். அப்பறம் நூலு மாதிரி வரும். நின்னு போவும். மறுபடி குனியணும். பாதி உள்ளயே நின்னுக்கினு கீற மாதிரியே இருக்கும்.”

சடையப்பனுக்கு ஒரு காட்சி வந்தது. கொல்லையில், வைக்கோல் போருக்குப் பின்னால், பாஞ்சாலி இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்கிறாள். ‘இன்னாத்த தேடிக்கினு கீற?’ என்று திண்ணையிலிருந்தே கத்துகிறார். ‘கம்மல் திருகாணி வுழுந்துடுச்சு’ என்கிறாள். ஒருமுறை இல்லை, பலமுறை. ஒரு மத்தியானம் அவரே உட்கார்ந்து அந்த இடத்து மண்ணை முறத்தில் அள்ளிச் சலித்துப் பார்த்தார். நகையைப் பொறுப்பில்லாமல் தொலைத்ததற்குத் திட்டவும் திட்டினார்.

கட்டிலில் கிடந்தவளின் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் திருகாணி இருந்தது.

“முன்னாடி இந்த மாதிரி குனிஞ்சு போனதே இல்லையா?” என்று டாக்டர் கேட்டாள்.

“இல்லவே இல்ல. கத்தி வெச்ச அன்னிலேர்ந்துதான்.”

“இதுதாம்மா எனக்கு முக்கியம். எப்ப ஆரம்பிச்சதுங்கறது. ஜுரம், குளிர் வந்துச்சா?”

“வந்து வந்து போச்சு,” என்றாள் ஜெயப்பிரியா. “ஒண்ணுக்கு எரியுதுன்னும் சொன்னாங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தோம். அப்பறம் மறுபடியும் ஒழுவ ஆரம்பிச்சுது. முன்ன மாதிரி இருமினா மட்டும் இல்ல. சும்மா இருந்தாலே சொட்டு சொட்டா. அதுக்கும் மாமா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு மாத்திரை வாங்கியாந்தாரு.”

தன் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் திருப்பிப் பார்த்தாள்.

“இது யார் எழுதிக் குடுத்தது?”

“யாரும் எழுதல,” என்றார் சடையப்பன். “தானா போறத நிறுத்தற மாத்திரை குடுன்னேன். குடுத்தான்.”

“எதை வெச்சு அதைக் கேட்டீங்க?”

“மறுபடியும் ஒழுவுது. அப்ப ஆபரேஷன் புட்டுக்கிச்சுன்னுதானே அர்த்தம்? போட்ட நாடா அவுந்து பூட்ச்சு. அத்தொட்டு கேட்டேன்.”

“அவுறல பெரியவரே. இறுகியிருக்கு.” டாக்டர் குரலை உயர்த்தவில்லை. “குழாயை அந்த நாடா அளவுக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கு. அதனால மூத்திரப்பை காலியாகறதே இல்ல. போனது போக மிச்சம் உள்ளயே தங்குது. தங்கின தண்ணில கிருமி வருது, ஜுரம் வருது. இன்னும் சேரச் சேர, இடம் இல்லாம நிறைஞ்சு வழியுது. அதைத்தான் நீங்க ஒழுகுதுன்னு நினைச்சீங்க. இந்த மாத்திரை பையை இன்னும் தூங்க வெச்சிடும். கொஞ்ச நஞ்சம் வந்துகிட்டு இருந்ததும் நின்னுடுச்சு. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் லேசா வீங்கியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்.”

நிறைஞ்சு வழியுது. அந்த ஒரு வார்த்தையில் சடையப்பனுக்கு மிச்சம் எல்லாம் விளங்கிவிட்டது. மதகு அடைத்துக்கொண்டால் ஏரி என்ன செய்யும்? ரொம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறக் கட்டிவைத்த கலங்கலில் வழியும். கலங்கலில் தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு கரை உடைந்துவிட்டது என்று எவனாவது மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவானா? அவர் ஓடியிருக்கிறார். ஏரித் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், மருந்துக்கடை வரைக்கும் ஓடியிருக்கிறார்.

அந்த அட்டையை டாக்டர் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. வேறு யார் கண்ணிலும் அது பட வேண்டாம் போலிருந்தது.

ஆனால் கோபம் அடங்கவில்லை. கோபத்துக்கு இப்போது ஒரு இடம் வேண்டியிருந்தது.

“அப்ப அந்த நர்சிங் ஹோம்காரன் இறுக்கிக் கட்டிட்டான். செக்கப்புக்கு வேற போனோம். பாத்துட்டு சூப்பர்னு அனுப்பிச்சாங்க. இன்னாத்த பாத்தாங்க?”

“ஸ்கேன் ஏதாவது எடுத்தாங்களா அப்ப? ஒண்ணுக்கு போயிட்டு வரச் சொல்லி, அப்புறம் மிச்சம் எவ்வளவுன்னு பாத்தாங்களா?”

“ஒண்ணும் பாக்கல,” என்றாள் பாஞ்சாலி. “ஒரு நர்ஸு பொண்ணு வந்து கேட்டுது. நல்ல பொண்ணு. தமிழ்ச்செல்வின்னு பேரு. என் கைய புடிச்சுக்கினு, ‘இப்ப போகுதாம்மா?’ன்னு கேட்டுது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘போவலம்மா’ன்னேன்.”

“அப்புறம்?”

“‘சுத்தமா போகலையா?’ன்னுச்சு. ‘சுத்தமா போவல’ன்னேன். ‘சூப்பர்மா’ன்னு சொல்லி உள்ள போயி டாக்டராண்ட சொல்லிட்டு வந்துது. அவரும் வூட்டுக்குப் போலாம்ன்னாரு.”

டாக்டர் சுகிர்தா பேனாவை மூடினாள்.

“அம்மா. நீங்க எதைப் போகலைன்னு சொன்னீங்க?”

“ஒண்ணுக்குத்தான். ஒண்ணுக்கு முழுசா போவலையேன்னு சொன்னேன்.”

“அந்தப் பொண்ணு கேட்டது, தானா ஒழுகிப் போகுதான்னு.”

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

ஜெயப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ அத்தை. அது சூப்பர்னு சொன்னப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையா? ஒண்ணுக்கு வரலைன்றவங்கள பாத்து யாராச்சும் சூப்பர்னு சொல்வாங்களா?”

“எனக்கு இன்னாடி தெரியும்?” பாஞ்சாலிக்கு முதல்முறையாகக் குரல் தடித்தது. “அடைக்கத்தானே போனோம்? அடைச்சு வுடுங்கன்னுதானே கேட்டேன்? அடைச்சிட்டாங்க. கஷ்டமாத்தான் கீது, ஆனா இதான் ஆபரேஷன் போல, இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன். நானா கேட்டு வாங்கினத நானே குறை சொல்ல முடியுமா?”

அன்றைக்குச் சடையப்பனும் அந்த அறையில்தான் நின்றார். பொண்டாட்டி ‘போவல’ என்றதைக் காதால் கேட்டார். அவரும் அதை நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொண்டு, திரும்பி வருகிற வழியில் மாகறலில் பஸ் நின்றபோது அவளுக்கு ஒரு இளநீர் வெட்டச் சொன்னார். அவள் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

கேட்டவள் பொய்யாகக் கேட்கவில்லை. சொன்னவள் பொய் சொல்லவில்லை. ஆயுசு முழுக்க எங்கே எவன் ஏமாற்றுகிறான் என்று பார்த்துப் பழகின கண்ணுக்கு, ஏமாற்றுகிறவன் இல்லாமலே ஒன்று கெட்டுப்போகும் என்பது பிடிபட மறுத்தது.

திடீரென்று மகன் ஞாபகம் வந்தது.

“ஏம்மா ஜெயா, மோகனுக்கு போன் போடு. எங்க கீறான்னு கேளு. திரும்பி வரச் சொல்லு.”

அவள் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

* * *

“இனிமே என்ன பண்ணணும்னு சொல்றேன்,” என்றாள் டாக்டர். “இப்போதைக்கு இந்த ட்யூப் இருக்கட்டும். கிருமிக்கு மருந்து குடுக்கறேன். கிட்னி வீக்கம் வடியணும். நாளைக்கு உள்ள ஒரு கேமரா விட்டுப் பாக்கணும், அந்த நாடா குழாயை அறுத்துக்கிட்டு உள்ள வந்திருக்கான்னு. அதுக்கு அப்புறம்தான் நாடா விஷயம்.”

“லூசு பண்ணி வுட முடியாதா?” என்றாள் ஜெயப்பிரியா.

“செக்கப்புக்குப் போன அன்னைக்கே தெரிஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும். கொஞ்சம் இறக்கி விட்டிருப்பாங்க. இப்ப சதை அதைச் சுத்திப் பிடிச்சிருக்கும். நடுவுல வெட்டித்தான் விடணும்.”

வெட்டணும் என்றதும் சடையப்பன் எழுந்துவிட்டார். “அதெல்லாம் வேணாம்மா. ஒரு வாட்டி கத்தி வெச்சு இந்தக் கதி. இன்னொரு வாட்டி வெக்க நான் ஒத்துக்க மாட்டேன். வெட்டாம ஒரு வழி சொல்லுங்க.”

“இருக்கு. தினம் நாலஞ்சு வேளை ஒரு சின்ன ட்யூபை அவங்களே உள்ள விட்டு எடுத்துக்கணும். சொல்லிக் குடுப்போம். நிறைய பேர் பண்றாங்க. ஆனா நாடா அங்கயேதான் இருக்கும்.”

“ஊசில நூலு கோக்கவே மருமவள கூப்புடறேன் நான்,” என்றாள் பாஞ்சாலி.

டாக்டர் சிரித்தாள். பிறகு சிரிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள். “வெட்டினா பெரும்பாலும் நல்லா வரும்மா. குனிய வேண்டியிருக்காது. ஆனா ஒண்ணை மறைக்காம சொல்லணும். முட்டுக்குடுத்த நாடாவை வெட்டறோம். சில பேருக்கு பழைய தொந்தரவு திரும்பி வரலாம். இருமினா, தும்மினா. வராமலும் போகலாம். வந்தா அதுக்கு வேற வழி பாக்கலாம். ஆனா வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று சடையப்பனுக்குப் பட்டது. உரக்கடைக்காரன் சத்தியம் பண்ணினான். விதை விற்றவன் சத்தியம் பண்ணினான். காஞ்சிபுரத்துப் பெரிய டாக்டர், இனிமே ஒரு சொட்டு ஒழுகாது என்று கையடிக்காத குறையாகச் சொன்னார். அங்கே எல்லாரும் பாஞ்சாலி ‘போவல’ என்றதைக் காதில் வாங்கிக்கொண்டு போனார்கள், அவரும்தான். எதைப் போகலை என்று திருப்பிக் கேட்டவள் இவள் ஒருத்தி. அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

பாஞ்சாலி மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பாரதம் அடுத்த வருஷமும் வைப்பார்கள். மண்ணால் துரியோதனனைச் செய்வார்கள். புழுதி பறக்கும். தும்மல் வரும். அவள் மனசு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரிந்தது, மருமகளுக்கும் தெரிந்தது.

“நீ இன்னா சொல்ற?” என்று சடையப்பன் கேட்டார். கேட்டுவிட்டு, இந்தக் கேள்வியை இவளிடம் இதற்கு முன் எப்போது கேட்டோம் என்று யோசித்தார்.

பாஞ்சாலி கண்ணைக் கீழிறக்கி அவரைப் பார்த்தாள்.

“போனா போவட்டும்,” என்றாள்.

டாக்டர் பேனாவைத் திறக்கவில்லை. “அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. எது போனா போகட்டும்?”

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கி, ட்யூப் இழுத்து, “யம்மா” என்று கையை வைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். ஜெயப்பிரியாவும் சிரித்தாள். சடையப்பனுக்குக் கூட மீசை அசைந்தது.

“தானா போறது போனா போவட்டும் டாக்டரம்மா. வெட்டி வுடுங்க. பழந்துணி வூட்டுல கீது. வெக்கப்போருக்குப் பின்னால திருகாணி தேடறதுக்கு, அந்தச் செங்கேணி வாயே தேவல.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவ மட்டும் இன்னா? படுகளத்தன்னிக்கு எப்பவும் ஓரமாத்தான் உக்காருவா. சட்டுனு எழுந்து போறதுக்குத் தோதா. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது.”

டாக்டர் எழுந்தாள். “நாளைக்குக் காலையில பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, போகிறபோது சடையப்பன் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். அவர் துண்டைச் சரிசெய்வது போல அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. மோகன்குமார்.

சடையப்பன் மருமகள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். “டேய், எங்க கீற? ஒண்ணும் கேக்காத. வந்துடு.”

“எல்லாம் கேட்டாச்சு நைனா!” மகன் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. சத்தம் போட்டுச் சத்தம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. “பெரிய டாக்டர் வெளியவே வரல. மேனேஜர்தான் வந்தான். வுடுவமா நாங்க? நீ சொன்னியே, அந்த நர்ஸு, அது மேலதான் தப்புன்னு ஒத்துக்கிட்டான். எங்க கண்ணு முன்னாலயே கூப்ட்டு, இனிமே வேலைக்கு வராதன்னு சொல்லிட்டான். அது அழுதுக்கினே பைய தூக்கிக்கினு போச்சு. போதுமா நைனா?”

சடையப்பன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ‘அத்த மொதல்ல புடி.’ காலையில் தான் சொன்ன சொல், சொன்னபடியே பிசகாமல் நடந்திருந்தது. மகன் அங்கிருந்து நைனா நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பாஞ்சாலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“அந்தப் பொண்ணா? என் கைய புடிச்சுக்கினு கேட்டுதே, அதுவா?”

அவர் தலையாட்டினார்.

“அந்த டாக்டர் தப்பிச்சுக்கினாரு. ஸ்கேன் எடுக்காதவரு அவரு. வேலை போனது வாயாலயாச்சும் கேட்டவளுக்கு.” முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். ஜெயப்பிரியா பிடித்துப் படுக்கவைத்தாள். “யோவ். நீ போ.”

“எங்க?”

“காஞ்சிபுரம். அது கேட்டதும் தப்பில்ல, நான் சொன்னதும் தப்பில்லன்னு அந்த மேனேஜராண்ட போய்ச் சொல்லு. அந்தப் பொண்ணு வூட்டையும் விசாரிச்சு, அங்கயும் போய்ச் சொல்லு.”

“இப்பவா? உனக்கு நாளைக்கு...”

“எனக்கு ஜெயா கீறா.”

ஒருத்தர் தப்பு பண்ணவில்லை என்று சொல்வதற்காகச் சடையப்பன் இதுவரை எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. ஏறி என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, கதவைத் திறந்தால் அந்தப் பொண்ணு தன் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளுமா என்று எதுவும் அவருக்குத் தெரியவில்லை. போனில் மகனின் குரல் நின்றுபோயிருந்தது. கட்டிலுக்கு அடியில் பை மெல்ல நிறைந்துகொண்டிருந்தது.

“இன்னாய்யா நின்னுக்கினு கீற?” என்றாள் பாஞ்சாலி. “போறியா, போவலையா?”

இந்த முறை அந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது.